ஆய்வு நாலு பேருக்குக் கிடைக்க சில குறிப்புகள்

வருஷக்கணக்கில் உழைத்து எழுதியதைப் பீரோவில் பூட்டி வைக்கலாமா தோழிகளே? பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் போட்டால் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம்.

1. எல்லாரும் படிக்கும்படி கட்டுரையைத் திறந்து வைக்க இதழ் பணம் கேட்கிறதா? பர்ஸைத் திறக்குமுன் 'ஓப்பன் பாலிசி ஃபைண்டர்' தளத்தில் இதழின் பெயரைத் தட்டிப் பாருங்கள். எந்தப் பிரதியை எத்தனை மாதம் கழித்துக் களஞ்சியத்தில் இலவசமாகப் போடலாம் என்று அதிலேயே இருக்கும்.

2. கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்த அன்றே, கடைசியாகத் திருத்தி அனுப்பிய வேர்டு ஃபைலைத் தனியே எடுத்து வையுங்கள். இதழ் அச்சுக்கோத்த பிடிஎஃப்பைப் போடப் பல பதிப்பகங்கள் விடுவதில்லை, இந்தப் பிரதிக்குத்தான் அனுமதி. பிறகு பழைய லேப்டாப்பைக் குடைகிற வேலை மிச்சம்.

3. 'பன்னிரண்டு மாதம் பொறுங்கள்' என்று இதழ் சொன்னாலும் இப்போதே ஏற்றிவிடுங்கள். களஞ்சியங்களை இயக்கும் டிஸ்பேஸ், ஈபிரிண்ட்ஸ் மென்பொருள்களில் திறக்கும் தேதியைக் குறித்துவிடலாம். அதுவரை தலைப்பும் சுருக்கமும் மட்டும் வெளியே தெரியும்.

4. தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர்கள் இதை அவசியம் கவனியுங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்தது கண்ணுக்குத்தான் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துகள். அப்படியே பிடிஎஃப் ஆக்கினால் கூகுளில் தமிழில் தேடுகிறவருக்கு அகப்படாது. நல்ல ஆய்வேடுகள் இப்படி மறைந்து கிடப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. யுனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் உண்டு, மாற்றியபின் கொம்பும் காலும் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

5. பிஎச்.டி. ஆய்வேட்டின் மின்பிரதியைத் தர வேண்டும் என்று யுஜிசி 2009-லேயே விதி போட்டுவிட்டது. காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா என்ற ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் அது இயல் இயலாக ஏறும். எழுதும்போதே முகப்பு, இயல்கள், துணைநூற்பட்டியல் எல்லாவற்றையும் தனித்தனி ஃபைலாக வைத்தால் கடைசி நேர அலைச்சல் இல்லை.

6. நம் இனிஷியல் ஒரு கட்டுரையில் பெயருக்கு முன்னால், இன்னொன்றில் பின்னால். ஆர்கிட் தளத்தில் 16 இலக்க எண்ணை இலவசமாக வாங்கி எல்லாவற்றிலும் போட்டுவிடுங்கள், ஒரே ஆள் எழுதியது என்று தெரிந்துவிடும்.

7. தமிழ் ஆய்வேடானாலும் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் சேருங்கள்.

8. ஆய்வேட்டில் பிறர் எடுத்த படம், வரைபடம் இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்கிக் கையோடு வையுங்கள். ஏற்றத் தெரியவில்லையா? நூலகரிடம் கேளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார்.