சுழல்தண்டு கற்பித்த பாடம்

இயற்பியல் வகுப்பில் நாம் படிக்கும் அதிர்வு பெரும்பாலும் கரும்பலகையோடு நின்றுவிடுகிறது. அது நம் இருக்கைக்கு அடியில் வந்து நடுங்கும்பொழுதுதான் நாம் உண்மையில் படித்தது எவ்வளவு என்பது விளங்கும். 2019ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் எனக்குக் கிடைத்த அத்தகைய பாடம் ஒன்றை மாணவ நண்பர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

என் அண்ணன் இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரில் வாழ்கிறார். அவரிடம் டிரையம்ப் ஸ்பிட்பயர் என்னும், இருவர் மட்டும் அமரக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட வண்டி அது. அதன் அடிச்சட்டம் டிரையம்ப் ஹெரால்டு காரின் அடிச்சட்டத்திலிருந்து பிறந்தது. அந்த ஹெரால்டுதான் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயரில் உருவாகி நம் சாலைகளில் ஓடியது.

இந்த வண்டியில் கிளட்ச் மாற்ற வேண்டுமானால் கியர் பெட்டியை வண்டியின் உட்புறமாகவே வெளியே எடுக்கவேண்டும். அண்ணனும் நானும் அதைச் செய்தோம். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் புரொப்பல்லர் ஷாப்ட்டைக் கழற்றியவன் நானே. அதன் நடுவே பற்களுள்ள சறுக்கு இணைப்பு உண்டு. அது என் கையிலேயே இரண்டாகப் பிரிந்தது. கிரீஸ் தடவித் திரும்பச் செருகினேன்.

அடுத்த வாரம் வண்டி 55 மைல் வேகத்தைத் தொட்டதும் தரையும் இருக்கையும் அதிரத் தொடங்கின. அண்ணன் சக்கரங்களைச் சமநிலைப்படுத்திப் பார்த்தார், பயனில்லை. "தம்பி, வண்டிக்கும் வயதாகிவிட்டது, எனக்கும் வயதாகிவிட்டது. விற்றுவிடலாம்" என்றார். கை பிரித்த சறுக்கு இணைப்பு என் நினைவில் உறுத்தியது. ஆயினும், சோதித்துப் பார்க்காமல் எதையும் கூறலாகாது என்று எண்ணினேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 55 மைல் வேகம் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 24.6 மீட்டர். சக்கரம் ஒரு சுற்றுக்கு 1.77 மீட்டர் உருள்கிறது. ஆகவே சக்கரம் வினாடிக்கு 14 முறை சுழலும். பின் அச்சின் பல்விகிதம் 3.89 ஆதலால் தண்டு வினாடிக்கு 54 முறை சுழலும். அதிர்வு 14 என்றால் குற்றம் சக்கரத்தில். 54 என்றால் தண்டின் சமநிலையில். அதன் இருமடங்காகிய 108 என்றால் யூனிவர்சல் ஜாயின்ட்டுகளை ஐயுறவேண்டும்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. நான்காம் கியரில் எஞ்சினும் தண்டும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது? அதே 55 மைல் வேகத்தில் மூன்றாம் கியரில் ஓட்டினோம். எஞ்சின் வேகம் கூடியது, அதிர்வு மாறவில்லை. நியூட்ரலில் உருளவிட்டோம். அதிர்வு சற்றுக் குறைந்ததேயன்றி மறையவில்லை. எனவே எஞ்சின் குற்றமற்றது. கைப்பேசியில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலியைக் கொண்டு பார்த்தபோது 54, 108 ஆகிய இரண்டு இடங்களிலும் முகடுகள் எழுந்தன.

இதன் காரணம் என்ன? ஒரு யூனிவர்சல் ஜாயின்ட் கோணத்தில் வளைந்து சுழலும்போது, சீரான வேகத்தைப் பெற்றுக்கொண்டு சீரற்ற வேகத்தையே வெளியிடுகிறது. ஒரு சுற்றில் இருமுறை வேகம் கூடிக் குறைகிறது. அவ்விகிதம் கோணத்தின் கொசைனுக்கும் அதன் தலைகீழுக்கும் இடையே ஊசலாடும். தண்டின் மறுமுனையில் உள்ள ஜாயின்ட், சம கோணத்தில் இருந்து, இரண்டு கவைகளும் ஒரே தளத்தில் அமைந்தால், முதலாவது செய்த பிழையை இரண்டாவது நீக்கிவிடும். கவைகள் ஒரே தளத்தில் இல்லையெனில் பிழை முழுவதும் நீங்காது. 90 பாகை விலகினால் இருமடங்காகும்.

வண்டியைத் தாங்கிகள் மீது நிறுத்தி, சக்கரங்களுக்குத் தடை வைத்து, அடியில் படுத்துப் பார்த்தேன். ஐயம் உறுதியாயிற்று. நான் செருகியபோது சில பற்கள் தள்ளிச் செருகியிருந்தேன். எழுந்து வந்து, "அண்ணா, வண்டியின் குற்றம் அன்று, என் குற்றம்" என்றேன். அவர் ஒன்றும் கூறாமல் ஸ்பேனரை எடுத்து நீட்டினார்.

கவைகளை நேராக்கிப் பூட்டி ஓட்டினோம். 108 மறைந்தது, 54 நின்றது! சற்றுத் திகைத்தேன். பிறகுதான் விளங்கியது. கவைகள் ஒரே தளத்தில் அமையும் நிலைகள் இரண்டு. ஒன்றுக்கொன்று 180 பாகை எதிரானவை. ஆலையிலோ இரு பாதிகளையும் ஒரே நிலையில் சேர்த்துத்தான் சமநிலைப்படுத்துவர். தண்டின் மையத்திலிருந்து 2.5 செ.மீ. தொலைவில் 10 கிராம் எடை மிகுந்தாலும், வினாடிக்கு 54 சுற்றில் அது 29 நியூட்டன் விசையாகும். அதாவது ஏறக்குறைய 3 கிலோ எடை தண்டைச் சுற்றிச் சுற்றி இழுப்பதற்கு ஒப்பாகும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஒரு பாதியை 180 பாகை திருப்பிச் செருகினோம். அதிர்வு அடங்கியது.

பல ஆண்டுகளாக இந்த ஜாயின்ட்டின் சமன்பாட்டைப் பலகையில் எழுதி நிறுவியவன் நான். ஆயினும் தண்டு கையில் பிரிந்தபோது அச்சமன்பாடு நினைவுக்கு வரவில்லை. கழற்றுமுன் இரு பாதிகளின் மீதும் ஒரு சுண்ணக்கோடு இழுத்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது.

ஊர் திரும்பும் நாளில் அண்ணனே காரில் விமான நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். விற்பனைப் பேச்சை அவர் எடுக்கவில்லை. என் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, துணிகளின் மேல் ஒரு சுண்ணக்கட்டி இருந்தது. அதை இன்றும் என் மேசையில் வைத்திருக்கிறேன். மாணவ நண்பர்களே, ஆய்வகத்தில் எந்தக் கருவியைப் பிரித்தாலும் முதலில் அடையாளமிட்டுக்கொள்ளுங்கள், பிறகு கழற்றுங்கள்.