பழைய லாரியின் தட்டலும் தீப்பொறி நேரமும்

சுமையுடன் ஏற்றத்தில் ஏறும் பழைய பெட்ரோல் லாரியின் எஞ்சினிலிருந்து, தகரக் குவளையில் கோலிக்குண்டுகளைக் குலுக்கினாற்போன்ற ஒலி எழுவதுண்டு. பட்டறைகளில் இதனை நாக்கிங் என்பர். நாம் தட்டல் எனலாம். ஒலி கேட்டவுடனே டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பித் தீப்பொறியைப் பிந்தச் செய்வது பலரும் கையாளும் எளிய வழி. ஒலி அடங்கும். ஆனால் இழுவை குறையும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். புகைபோக்கிக் குழாய் அளவுமீறிச் சூடேறும். காரணம் மட்டும் உள்ளேயே இருக்கும்.

சிலிண்டரினுள் கலவை ஒரே கணத்தில் வெடிப்பதில்லை. சுடர் பிளக்கிலிருந்து படிப்படியாகப் பரவுகிறது. நிமிடத்திற்கு 3,000 சுழற்சி வேகத்தில் கிராங்க் ஒருமுறை சுழல 20 மில்லி வினாடியே ஆகும். எனவே பிஸ்டன் உச்சியை அடையுமுன்பே பொறி தோன்றியாக வேண்டும். இதுவே அட்வான்ஸ். அது மிகுந்தால் அழுத்தமும் வெப்பமும் பெருகி, சுடர் இன்னும் சென்றடையாத ஓரத்துக் கலவை தானே பற்றிக்கொள்கிறது. அவ்வழுத்த அலை, 4 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் வினாடிக்குச் சுமார் 6,000 முறை அதிர்வதே நம் செவியில் விழும் ஒலி. இது நீடித்தால் பிஸ்டன் வளையங்கள் உடையும். பிஸ்டன் தலையே பொத்தலாகும்.

இனி, 1970களின் செவர்லே பிக்கப் லாரியில் அமைந்த 350 கன அங்குல எட்டு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒலி தட்டல்தானா என்று தெளிதல் வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்டதும் தட்டல் மறையும். டேப்பட் ஒலி மறையாது. உயர் ஆக்டேன் பெட்ரோல் நிரப்பியதும் ஒலி நின்றால் அது ஒரு தடயமே, மருந்தன்று.

அடுத்து டைமிங் லைட். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்து, ஐட்லிங்கில் குறியைப் பார்ப்பது முறை. ஆயினும் அக்குறியையே நம்பலாமா? கிராங்க் முனையிலுள்ள பேலன்சரின் வெளிவளையம் ரப்பரால் ஒட்டப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் நைந்து வளையம் நழுவிவிடும். குறியும் உடன் நழுவும். பின் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் பொய்க் கணக்கே வரும். சோதிக்கும் வழி எளிது. பேட்டரி இணைப்பை நீக்கி, எல்லா பிளக்குகளையும் கழற்றி, முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் திருகுத் தண்டைப் பொருத்துக. எஞ்சினைக் கையால் மெதுவாக இருபுறமும் திருப்பி, முட்டும் இரண்டு இடங்களையும் வளையத்தில் குறித்துக்கொள்க. அவற்றின் நடுப்புள்ளியே மெய்யான உச்சி. பழைய குறி அதனோடு பொருந்தாவிடில் குறியே குற்றவாளி. இச்சோதனையைத் தாண்டிச் செல்வோரே பெரும்பாலோர்.

குறி மெய்யென்றால், அட்வான்ஸ் வளரும் விதத்தை நோக்குக. வேக்குவம் குழாய் கழன்ற நிலையிலேயே வேகத்தைக் கூட்டினால், 3,000 சுழற்சியளவில் மொத்த அட்வான்ஸ் பொதுவாக 32 முதல் 36 பாகைக்குள் நிற்கும். குறைந்த வேகத்திலேயே அது பாய்ந்தேறினால் டிஸ்ட்ரிபியூட்டரின் எடைக்கட்டிகளை இழுக்கும் ஸ்பிரிங்குகள் தளர்ந்துள்ளன. சமதரையில் சீராகச் செல்கையில் மட்டும் தட்டினால் வேக்குவம் அட்வான்ஸை ஐயுறலாம். குழாயைக் கழற்றி அடைத்து ஓட்டினால் விடை கிடைக்கும்.

அதே நிலையில் தட்டல் எழக் காரணம் இன்னொன்றும் உண்டு: எரிந்த வாயுவில் சிறு பங்கை மீண்டும் உள்ளே விட்டு வெப்பத்தைத் தணிக்கும் ஈ.ஜி.ஆர். வால்வு கரி படிந்து மூடியே கிடப்பது. ஏர் கிளீனரின் வெந்காற்றுக் கதவு திறந்தபடி சிக்கியிருப்பதும், காற்று கசிந்து கலவை மெலிவதும், ரேடியேட்டர் அடைப்பும் அவ்வாறே. சாவியை அணைத்த பின்னும் எஞ்சின் சிலநொடி குலுங்கி ஓடினால், உள்ளே கரிப்படிவு கனலாய் நிற்கக்கூடும்.

இவையெல்லாம் பழுதற்றவை எனக் கண்ட பின்னும் தட்டல் தொடருமாயின், அப்போது டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, ரோட்டர் சுழலும் திசையிலேயே திருப்பி 2 பாகை பிந்தச் செய்து, அதே சுமையுடன் அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கலாம்.