இரண்டு பிள்ளையார்குப்பம்

அன்புள்ள தம்பிக்கு,

கார் செட்டுக்கு சாஃப்ட்வேர் ஏற்றுவது, மேப் புதுப்பிப்பது, ரிவர்ஸ் கேமரா பொருத்துவது என்று வில்லியனூரில் தொழில் தொடங்கப் போகிறாய். வாரண்டி முடிந்து ஷோரூம் பக்கம் போவதை நிறுத்திவிட்ட வண்டிகள்தான் உன்னிடம் அதிகம் வரும். அந்த வண்டிக்காரர்களுக்கு உன்னைவிட்டால் கேட்க ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். ‘அப்டேட் முடிந்தது’ என்று திரையில் வந்ததும் கையைத் துடைத்துக்கொள்ளாதே. அந்த வண்டி ஓடப்போகிற சாலைகளை அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, எது மாறியது, எது மாறவில்லை என்று வண்டிக்காரருக்குச் சொன்ன பிறகுதான் வேலை முடிகிறது. எந்த ஊருக்கும் பொருந்துகிற பேச்சுதான் இது. ஆனால் வில்லியனூர், பாகூர்ப் பக்கம் இதைத் தட்டிக்கழிக்கவே முடியாது.

நம் பகுதியின் நில அமைப்பைப் பார். புதுச்சேரி என்பது ஒரே துண்டு நிலமில்லை. தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கிற பல துண்டுகள். விழுப்புரத்திலிருந்து வருகிறவர் மதகடிப்பட்டில் புதுச்சேரிக்குள் நுழைகிறார், திருபுவனை தாண்டிக் கண்டமங்கலத்தில் மறுபடி தமிழ்நாட்டுக்குப் போகிறார், அரியூரில் திரும்பவும் புதுச்சேரிக்கு வந்துவிடுகிறார். பழைய செட்டுகள் பலவற்றில் முதலில் மாநிலம், பிறகு ஊர், அதன் பிறகு தெரு என்று படிப்படியாகத்தான் தேட முடியும். எல்லை ஓரத்து ஊர்க்காரர் தவறான மாநிலத்தைத் தொட்டுவிட்டால் பக்கத்து ஊர்கூடக் கிடைக்காது. இதைவிடப் பெரிய சிக்கல் ஊர்ப்பெயர். வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் சங்கராபரணி ஆற்றுப் பக்கம் ஒரு பிள்ளையார்குப்பம் இருக்கிறது. பாகூர் கொம்யூனில் கடலூர் சாலையில் இன்னொரு பிள்ளையார்குப்பம். மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி இருப்பது அங்கேதான். பாதி ராத்திரியில் நோயாளியைப் பின் இருக்கையில் படுக்கவைத்துக்கொண்டு ஒருவர் ‘பிள்ளையார்குப்பம்’ என்று தட்டும்போது, பட்டியலில் எது முதலில் வருகிறது என்பது சின்ன விஷயமா? புதிய மேப் ஏற்றினால் அந்த வரிசையும் மாறலாம். எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்க உனக்கு ஒரு நிமிடம் போதும்.

சாலைகளும் அப்படியே நிற்பதில்லை. விழுப்புரம்–புதுச்சேரி தேசிய நெடுஞ்சாலை 332-இன் 29 கி.மீ. நான்கு வழியாகி, 2025 ஏப்ரல் 6 அன்று ராமேஸ்வரத்தில் நடந்த விழாவில் பிரதமரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பூண்டியாங்குப்பம்–சட்டநாதபுரம் 57 கி.மீ. பகுதியும் அதே விழாவில்தான். ஒரு சாலை நான்கு வழியானால் அகலம் மட்டுமா கூடுகிறது? ஊர் முகப்பில் நேராக வலப்பக்கம் திரும்பிய இடத்தில் நடுத்தடுப்பு வந்துவிடும். சர்வீஸ் ரோட்டில் இறங்கிச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். பழைய மேப் அந்தத் தடுப்பு நிற்கும் இடத்திலேயே ‘வலப்பக்கம் திரும்புங்கள்’ என்று சொல்லும். அதை நம்பித் தயங்கி வேகத்தைக் குறைக்கிற காருக்குப் பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்.

செட்டுக்குள் இருப்பவை இரண்டு. ஒன்று சிஸ்டம் சாஃப்ட்வேர், மற்றொன்று மேப். இரண்டும் வெவ்வேறு விதத்தில் பழசாகின்றன. சாலை மாறினால் மேப் பழசாகும். சாஃப்ட்வேர் விஷயத்தில் காரில் எதுவும் மாறவேண்டியதில்லை. வெளியுலகம் மாறினாலே போதும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும். 2022 ஜனவரியில் வெளிநாடுகளில் ஓடிய பழைய ஹோண்டா கார்கள் பலவற்றில் கடிகாரம் திடீரென்று 2002-க்குப் போய்விட்டது. இந்த வார எண் கணக்கைச் செட் சரியாகக் கையாளாததே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ‘நன்றாக ஓடுகிற செட்டை எதற்கு நோண்டவேண்டும்?’ என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொல். 2015-இல் நடந்ததையும் சொல். சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இருவர் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியின் பாட்டுச் செட் வழியாக வண்டியின் நெட்வொர்க்கில் நுழைந்து, எங்கிருந்தோ கியர்பாக்ஸை முடக்கிக் காட்டினார்கள். அமெரிக்காவில் சுமார் 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தச் செட்டுகளும் அதுவரை நன்றாகத்தான் ஓடின.

ஆனாலும் அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. பாதியில் நின்ற அப்டேட் நல்ல செட்டைக் கல்லாக்கிவிடும். இன்றைய பல கார்களில் ரிவர்ஸ் கேமராவும் ஏசி பட்டன்களும் அந்தத் திரையில்தான் இருப்பதால், செட் போனால் பாட்டோடு முடியாது. எனவே அவசரம் வேண்டாம். வண்டியின் மாடல், ஆண்டு, செட்டில் தெரிகிற இப்போதைய வெர்ஷன் எண் மூன்றையும் முதலில் எழுதிக்கொள். கார் கம்பெனி அந்த மாடலுக்கென்று கொடுக்கிற கோப்பை மட்டும் எடு. பென்டிரைவை அவர்கள் சொன்ன வடிவில் ஃபார்மேட் செய். பெரும்பாலும் ஃபேட் 32 கேட்பார்கள், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. பேட்டரியை மீட்டர் வைத்துப் பார். முழு சார்ஜில் 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். எஞ்சினை ஓடவிட்டு ஏற்றச் சொல்லியிருந்தால் வண்டியை வெளியில் நிறுத்து, வண்டி நின்றால் எஞ்சினைத் தானே நிறுத்துகிற ஐடில் ஸ்டாப்பை அணைத்துவிடு. மழை வருகிறதென்று ஷட்டரை இறக்கிக்கொண்டு உள்ளே எஞ்சினை ஓடவிடாதே. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

‘எல்லாருக்கும் செல்போன் இருக்கிறதே, காரிலுள்ள மேப்பை யார் பார்க்கிறார்கள்?’ என்பது அடுத்த கேள்வி. உண்மைதான், பாதிப்பேர் போனை இணைத்துத்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் அந்த இணைப்பை நடத்துவது செட்டின் சாஃப்ட்வேர். போனின் ஆண்ட்ராய்டு மாறிக்கொண்டே போக, செட் நின்ற இடத்திலேயே நின்றால் ஒருநாள் இரண்டும் பேசிக்கொள்ளாது. அதைவிட முக்கியமானது, போன் மேப்பும் தவறும் என்பது. 2024 நவம்பர் 24 அன்று உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே ராம்கங்கா ஆற்றின் அரைகுறைப் பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் இறந்தார்கள். வழிகாட்டிச் செயலி காட்டிய பாதையில் அவர்கள் போனதாகக் காவல்துறை சொன்னது. அந்தப் பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் முன்பே கொண்டுபோயிருந்தது.

இன்னொருவர் வந்து, நண்பரின் மெமரி கார்டிலிருந்து மேப்பை நகலெடுத்துப் போடச் சொல்வார். கம்பெனி கேட்கிற விலை அதிகம் என்பார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய காருக்கு இரண்டு மூன்று வருடத்தில் மேப்புக்குத் தனியாகப் பணம் கேட்பதை நியாயம் என்று நான் வாதாட மாட்டேன். ஆனாலும் செய்யாதே. பல கார்டுகள் அந்தந்தச் செட்டோடு பூட்டப்பட்டவை. பூட்டை உடைத்தவர் அந்தக் கோப்பில் வேறென்ன சேர்த்தார் என்று உனக்குத் தெரியாது. ஜீப் விவகாரத்தில் கம்பெனியே பென்டிரைவைத் தபாலில் அனுப்பியபோது, வந்ததையெல்லாம் காரில் செருகுகிற பழக்கத்தை இது வளர்க்கும் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் கண்டித்தார்கள். கம்பெனி அனுப்பியதற்கே அந்தப் பேச்சு.

புதிய மேப்பையும் முழுசாக நம்பாதே. மேப் கம்பெனி சாலையைப் பதிவுசெய்து, கார் கம்பெனி அதைச் சோதித்து வெளியிட மாதக்கணக்கில் ஆகும். திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைத்துத் தென்பெண்ணை ஆற்றில் சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய பாலம் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. டிசம்பர் முதல் வாரத்துக்குள் ஃபெஞ்சல் புயல் வெள்ளம் அதைக் கொண்டுபோய்விட்டது. அந்தப் பாலத்தைப் பொறுப்பாகச் சேர்த்த மேப், சேர்த்த காரணத்தாலேயே தவறிப்போகும். அதே வெள்ளம்தான் கீழே இறங்கிப் பாகூர் கொம்யூனின் ஆற்றோர ஊர்களில் புகுந்தது. நம் பக்கத்துத் தரைப்பாலங்கள் ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை நாள் நீருக்கடியில் இருக்கும் என்று எந்த அப்டேட்டும் சொல்லாது. உள்ளூர்க்காரனான உனக்குத் தெரியும்.

இத்தனையும் பார்க்க நேரத்துக்கும் டீசலுக்கும் யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்பாய். பெரும்பகுதியைக் கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். இரண்டு பிள்ளையார்குப்பத்தையும் தேடு. விழுப்புரத்துக்கு வழி போட்டு நான்கு வழிச் சாலையும் திருப்பங்களும் சரியா என்று பெரிதாக்கிப் பார். வண்டிக்காரரின் ஊருக்கு ஒரு வழி, அவர் அடிக்கடி போகும் ஆஸ்பத்திரிக்கு ஒரு வழி. பிறகு பக்கத்துத் தெருவில் ஒரு சுற்று ஓட்டி, அம்புக்குறி சாலையிலேயே நிற்கிறதா, கேமரா, ப்ளூடூத் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடு. இதற்கான கூலியைத் தனி வரியாகவே பில்லில் கேள். காரணம் சொன்னால் பெரும்பாலானோர் கொடுப்பார்கள். அதே பில்லில் பழைய வெர்ஷன், புதிய வெர்ஷன், மேப் எந்த ஆண்டு எந்த மாதத்தது, அதில் இல்லாத சாலைகள், மழையில் நம்பக்கூடாத தரைப்பாலங்கள் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் கொடு. ஒரு நகல் உன்னிடம் இருக்கட்டும். மேப் கம்பெனிக்குத் தவறைத் தெரிவிக்கவும், அதே மாடலில் அடுத்த வண்டி வரும்போது எங்கே பார்க்கவேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் அந்தத் தாள் உனக்கு வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உன் நலம் நாடும் அண்ணன்