தோழர்கள் திரும்பி வரும்போது

கேள்வி: நண்பர்களைப் பற்றிய நகைச்சுவைப் படங்களின் இரண்டாம் பாகம் முதல் படத்தின் நகலாகாமல் தப்புவது எப்படி? (வாசகர், மேற்கு மாம்பலம்)

பதில்: அதற்கு இரண்டு வழிகள் உண்டு, ஒன்று களத்தை மாற்றுவது, மற்றொன்று வயதைக் கூட்டுவது. மின்கிதாரும் டிரம்ஸும் முழங்கும் ராக் இசையில் பித்துக்கொண்ட இரு பள்ளித் தோழர்கள் காலப்பயணம் செய்யும் ‘பில் அண்ட் டெட்’ஸ் எக்ஸலண்ட் அட்வென்ச்சர்’ 1989-இல் வந்தது. 1991-இல் வந்த அதன் தொடர்ச்சி, காலப்பயணத்தை மறுபடி நம்பியிராமல், நாயகர்களையே சாகடித்து நரகத்துக்கு அனுப்பியது. பெர்க்மனின் ‘தி செவன்த் சீல்’ (1957) படத்தில் வீரன் மரணதேவனோடு சதுரங்கம் ஆட, இவர்களோ அவனைச் சிறுவர் விளையாட்டுகளில் தோற்கடித்துத் தம் இசைக்குழுவிலேயே சேர்த்துக்கொள்வது, பெரும்படைப்பொன்றைக் கேலியாகப் போலச் செய்யும் பகடிக்குச் சிறந்த சான்று.

இரண்டாம் வழியைத் தமிழில் காட்டியது வெங்கட் பிரபுவின் ‘சென்னை 600028’ (2007). இசையின் இடத்தில் தெருக் கிரிக்கெட்டை வைத்த அப்படத்தின் 2016-ஆம் ஆண்டுத் தொடர்ச்சியில், குடும்பஸ்தர்களாகிவிட்ட நண்பர்கள் ஒரு கல்யாணத்துக்காகத் தேனிக்குப் போய் மீண்டும் மட்டையெடுக்கிறார்கள். முதல் படத்தில் ஆட்டமே வாழ்க்கையாயிருக்க, இதில் வீட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டிய நிலையிலிருந்தே சிரிப்புப் பிறக்கிறது.