புதுப் பானம் அருந்துமுன்

குற்றாலச் சாரலில் நனைந்து திரும்புவோர், குத்துக்கல்வலசைக் கடைகளில் புதுப்புதுப் பான வகைகளைக் கண்டு ஆவலுறுவது இயல்பே. ஆயினும் ருசி பார்க்குமுன் புட்டியின் பின்புறத்தை வாசிப்பதே விவேகம். 100 மில்லியில் 11 கிராம் சர்க்கரை என்றிருப்பின், 250 மில்லிப் புட்டியில் ஏறத்தாழ ஏழு தேக்கரண்டி சேர்ந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் உத்தமமெனக் கருதும் தினசரி அளவோ சுமார் 25 கிராமே. அதிகக் குளிர்ச்சி தித்திப்பை மறைக்குமாதலால், முதல் மிடற்றைச் சற்றுக் குளிர் தணிந்தபின் நாவில் நிறுத்திப் பாருங்கள். மேலே பழத்தின் சித்திரமிருந்தும் உட்பொருள்களில் பழச்சாறு இல்லையேல், அது வெறும் வாசனைதான். 1916-இல் விருதுநகரில் தோன்றிய காளிமார்க்கின் பொவண்டோவோடு ஒப்பிட்டே பிறவற்றைச் சுவைப்பது என் வழக்கம். ருசியில் அதற்கே என் வாக்கு, ஆரோக்கியத்தில் எதற்குமில்லை. 14 இலக்க உணவு உரிம எண்ணில்லாத புட்டியை வாங்காதீர்கள்.