விரல்கள் சொல்வதைக் கேளுங்கள்

கேள்வி: பார்வையற்றோர் பள்ளியில் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். எனக்குப் பார்வை உண்டு, பிரெய்ல் தெரியாது. முதலில் எதில் கை வைப்பது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பிரெய்லிலேயே கை வையுங்கள். சட்டத்தில் தாளைப் பொருத்தி, வலமிருந்து இடமாகக் குத்திப் பழகுங்கள். சொல்லித்தர உங்கள் மாணவர் ஒருவரையே கேளுங்கள். அவருக்கு அது கொண்டாட்டமாக இருக்கும்!

பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியின் கதை உங்களுக்கு உதவும். தொடக்கத்தில் அங்கே சாதாரண எழுத்துகளையே புடைப்பாக அச்சிட்ட புத்தகங்கள்தான் பாடநூல்கள். பார்வையுள்ளவர் கண்ணுக்கு அழகு, பிள்ளைகளின் விரலுக்கோ ஆமை வேகம். அதில் எழுதவும் முடியாது. அங்கு படித்த லூயி பிரெய்ல், 1824 வாக்கில் பதினைந்து வயதில் ஆறு புள்ளி முறையை உருவாக்கினார். இயக்குநர் பின்யே அதற்கு இடம் கொடுத்தார். 1840இல் அவர் போய் துய்ஃபோ வந்தார், புள்ளிகளுக்குத் தடை. துய்ஃபோ கெட்டவர் அல்ல. தனி எழுத்து பிள்ளைகளை மற்றவர்களிடமிருந்து பிரித்துவிடும் என்று நம்பினார். நல்லெண்ணத்தோடு செய்யும் தவறைத் திருத்துவதுதான் கடினம். பிள்ளைகள் விடவில்லை, ஒளித்து ஒளித்து எழுதினார்கள். உதவியாளர் கதே அதைக் கவனித்து, துய்ஃபோவின் மனத்தை மாற்றினார். 1844இல் புதிய கட்டடத் திறப்பு விழா மேடையிலேயே அந்த முறை செய்து காட்டப்பட்டது.

உங்கள் பள்ளியிலும் பிள்ளைகள் உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது ஒரு வழி வைத்திருப்பார்கள். கைப்பேசியில் குரல் செயலியாக இருக்கலாம். தடுக்கும் முன் பக்கத்தில் உட்கார்ந்து விசாரியுங்கள். பார்வையற்ற ஆசிரியர்கள் இருந்தால், கால அட்டவணை போடும்போதே அவர்களைக் கூப்பிடுங்கள். போட்டு முடித்த பிறகு அல்ல.