சும்மா படுத்திருந்தாலும் 66 வாட்!



எலெக்ட்ரிக்கல் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் லோடு எதுவும் இல்லாவிட்டாலும், சப்ளை இருக்கும் நேரமெல்லாம் இரும்பு இழப்பு இருந்துகொண்டே இருக்கும். நம்ம உடம்பும் அப்படித்தான். பாயில் அசையாமல் கிடந்தாலும் இதயம் துடிக்கணும், மூச்சு ஓடணும், மூளையும் கல்லீரலும் சிறுநீரகமும் வேலை பார்க்கணும். இந்தச் செலவுக்கு 'அடிப்படை வளர்சிதை மாற்ற வீதம்' என்று பெயர். பெயர்தான் நீளம். கணக்கு அப்ளைடு மெக்கானிக்ஸை விட ரொம்ப சுலபம்!

முறையாக அளப்பதென்றால், சாப்பிட்டு 12 மணி நேரம் ஆன ஒருவரை விழித்தபடி படுக்கவைத்து, அவர் செலவழிக்கும் ஆக்சிஜனை அளப்பார்கள். 1 லிட்டருக்குச் சுமார் 4.8 கிலோ கலோரி. (பிஸ்கட் பாக்கெட்டில் 'கலோரி' என்று சொல்வதும் இந்தக் கிலோ கலோரியைத்தான்.) அந்தக் கருவி நம்ம லேபில் ஏது? எனவே சூத்திரம்தான் கதி. 1919-இல் அமெரிக்காவில் ஹாரிஸும் பெனடிக்டும் ஒன்று தந்தார்கள். பிறகு 1985-இல் உலக சுகாதார நிறுவனம் முதலியவை சேர்ந்து வேறொன்று வெளியிட்டன. அது நம்மவர்களுக்குக் கூடுதலாகக் காட்டுகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 5 சதவீதம் குறைத்துக்கொண்டது. 18 முதல் 30 வயது வரை அது இப்படி வரும்:

ஆண்: (14.5 × எடை கிலோவில்) + 645
பெண்: (14 × எடை கிலோவில்) + 471

50 கிலோ மாணவர் ஒருவருக்கு 725 + 645 = 1,370 கிலோ கலோரி. இதை 4,186-ஆல் பெருக்கி, ஒரு நாளின் 86,400 விநாடிகளால் வகுத்தால் சுமார் 66 வாட். இரவு பகலாக ஒரு குண்டு பல்பு எரிகிற மாதிரி! இது மதிப்பீடுதான், ஆளுக்கு ஆள் 10 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம்.

இது வெறும் நோ-லோட் கணக்கு. வகுப்புக்கு வந்து, பஸ்ஸில் நின்று, படித்து முடிக்க இதைப்போல ஒன்றரை மடங்கு வேண்டும். அதாவது 2,000-க்கு மேல். வொர்க்‌ஷாப்பில் ஃபைலிங் போடுகிற நாளில் இன்னும் கூடும். மெஸ் பில்லை மிச்சம் பிடிக்கிறேன் என்று காலையில் டீ, மதியம் பன், ராத்திரி மட்டும் சாப்பாடு என்று ஓட்டுகிற நண்பர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் பார்க்கணும்.

குறைத்துக் கொடுத்தால் உடம்பு என்ன செய்யும்? 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். எடை கால் பங்கு குறைந்தது. கொழுப்போடு தசையும் கரைந்தது. அடிப்படைச் செலவையே உடம்பு ஏறக்குறைய 40 சதவீதம் குறைத்துக்கொண்டது. எப்போதும் குளிர், சோர்வு. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை. இந்த நிலையில் செமஸ்டர் பரீட்சை எழுதினால் எப்படி இருக்கும்?

ஒல்லியாகணும் என்று '1,000 கலோரி டயட்' சார்ட்டைக் கையில் வைத்திருக்கும் சகோதரிகளும் ஒரு தடவை கணக்குப் போடுங்கள். 45 கிலோ என்றால் 630 + 471 = 1,101. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் அந்தச் சார்ட்டில் 101 குறைகிறது!